உறைபனிக் காலத்தில் கொல்லைக் கோழிகள்: கொட்டில் முதல் கொண்டை வரை

கோழி வளர்க்கத் தொடங்கிய முதல் பனிக்காலத்தில் நான் செய்த வேலை இது. கொட்டிலில் இருந்த ஓட்டை ஒன்று விடாமல் கோணி, பிளாஸ்டிக் தாள், பழைய துணி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் திணித்து அடைத்தேன். உள்ளே போய் நின்று பார்த்தேன், கதகதப்பாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. நாலாம் நாள் காலை கதவைத் திறந்தால் மூக்கை அறுக்கிற நெடி. கூரையின் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள் உறைந்து வெள்ளை வெள்ளையாக நின்றன. சேவலின் கொண்டை நுனி வெளுத்திருந்தது. ஒரு வாரத்தில் அது கறுத்து, பிறகு உதிர்ந்தும் போனது. பக்கத்தில் ஒருவர் மூன்று புறம் பலகையும் ஒரு புறம் கம்பிவலையுமாக ஒரு கொட்டகை வைத்திருந்தார். அதே குளிரில் அவருடைய கோழிகள் ஒரு குறையும் இல்லாமல் சீய்த்துக்கொண்டு திரிந்தன.

அவற்றுக்கும் என் கோழிகளுக்கும் இருந்த வித்தியாசம் ஈரம். குளிரைக் கோழி தாங்கும். நனைந்த காற்றில் உட்கார்ந்துகொண்டு குளிரைத் தாங்காது. இந்த வழிகாட்டியில் வரும் பாதி வேலை, ஏதோ ஒரு வழியில் கொட்டிலை உலர்வாக வைக்கும் வேலைதான்.

கோழி தன்னைத்தானே எப்படிக் காத்துக்கொள்கிறது

கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். நம்மைவிட நாலு டிகிரி அதிகம். அந்தச் சூட்டை உடம்பிலேயே பிடித்து வைப்பது இறகு. குளிரும்போது கோழி சிலிர்த்துப் பந்துபோல உப்பிக்கொள்ளும். அப்போது அடியிறகுகளுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் அதன் கம்பளி. இறகு நனைந்தாலோ அழுந்தினாலோ அந்தக் காற்று வெளியேறிவிடும். கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போட்டுப் படம் எடுப்பவர்களை இதனால்தான் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம். சட்டை இறகை அழுத்தி, கோழியை உப்பவிடாமல் செய்து, இருக்கிற சூட்டையும் கெடுக்கிறது.

காலில் இறகில்லையே என்று கேட்கலாம். காலுக்கு இறங்கும் சூடான ரத்தக் குழாயும் மேலேறும் குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒட்டியபடி ஓடுகின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடுவதால் உடம்பின் வெப்பம் தரைக்குப் போய் வீணாவதில்லை. ஒற்றைக் காலைத் தூக்கி இறகுக்குள் மடித்து நிற்பதும் இதற்குத்தான். அதைப் பார்த்து நொண்டி என்று பதற வேண்டாம்.

ஆக, மாட்டிக்கொள்பவை மூன்று: கொண்டை, தாடி, கால்விரல். பெரிய ஒற்றைக் கொண்டை உள்ள லெக்ஹார்ன் போன்ற இனங்களும் பொதுவாகச் சேவல்களும் முதலில் அடிபடும். வையாண்டாட், பிரம்மா போலக் கொண்டை தலையோடு படிந்த இனங்கள் குளிருக்கு ஏற்றவை. கனடாவின் சாண்ட்கிளேர் இனத்தைக் கொண்டையும் தாடியும் மிகச் சிறிதாக இருக்கும்படி இதற்கென்றே உருவாக்கினார்கள். காலில் இறகு வளரும் இனங்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. ஈரப் பனியில் நடந்தால் அந்த இறகில் பனிக்கட்டி உருண்டை உருண்டையாகத் தொங்கும். சில்க்கி, ஃப்ரிசில் போன்றவற்றின் இறகு நீரைத் தடுக்காது. மழையும் பனியும் படாத இடம் அவற்றுக்குக் கட்டாயம்.

படி 1: கொட்டிலுக்குக் காற்று வழி

பனி விழத் தொடங்குமுன் முடிக்க வேண்டிய வேலை. ஒரு முட்டைக்கோழி நாளுக்குச் சுமார் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். எச்சத்தில் முக்கால் பங்கு நீர். மூச்சிலும் நீராவி போகிறது. ஆறு கோழி இருந்தால் நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஈரம் வெளியே வருகிறது. பனிக்காலத்து ராத்திரி நீளம் என்பதால் அதில் பெரும்பங்கு கொட்டிலுக்குள்ளேயே தங்கும். போக வழியில்லாவிட்டால் அது கூரையில் படிந்து, சொட்டி, கோழியின் தலையில் விழும். கூடவே எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும்.

சூடான ஈரக்காற்று மேலே போகும். எனவே துளைகள் கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் இருக்க வேண்டும். கோழி கட்டையில் உட்கார்ந்திருக்கும்போது அதன் தலைக்கும் நன்றாக மேலே இருக்கட்டும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி திறப்பு என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் ஒரு கைக்கணக்கு. கொட்டிலின் உயரமும் காற்றின் வேகமும் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். திறப்புகளை மூடும் வலை 12 மி.மீ. கண் உள்ள கெட்டிக் கம்பிவலையாக இருக்கட்டும். அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், நரியையும் மரநாயையும் வெளியே நிறுத்தாது.

காற்றோட்டம் வேறு, வாடைக்காற்று வேறு. தலைக்கு மேலே காற்று போகலாம், உடம்பில் அடிக்கக் கூடாது. இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. காற்றுள்ள ஒரு நாளில், கோழி அடையும் உயரத்தில் மெல்லிய காகிதப் பட்டை ஒன்றைக் கட்டிவிடுங்கள். அது படபடத்தால் எங்கிருந்து காற்று வருகிறது என்று பார்த்து அந்தத் தாழ்ந்த இடுக்கை மட்டும் அடையுங்கள். மேலே இருப்பதைத் தொடாதீர்கள்.

இன்னொரு சோதனை விடியற்காலையில். கதவைத் திறந்ததும் குத்தவைத்து உட்கார்ந்து, கோழியின் மூக்கு இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். சன்னல் கண்ணாடியில் நீர் கோத்திருந்தாலும் அப்படியே.

படி 2: அடையும் கட்டை

நான்கு விரற்கிடை, அதாவது 9 செ.மீ. அளவு அகலமுள்ள பலகைக் கட்டையைத் தட்டையான பக்கம் மேலே வரும்படி பொருத்துங்கள். விளிம்பைச் சற்று உருட்டி இழைத்துவிட்டால் போதும். கோழி அதில் உட்காரும்போது மார்பிறகு விரல்களை முழுக்க மூடிவிடும். மெல்லிய உருளைக் கம்பைக் கொடுத்தால் விரல் நுனிகள் கீழே சுற்றிக்கொண்டு இறகுக்கு வெளியே நிற்கும். இரும்புக் குழாய் கூடவே கூடாது, அது காலிலிருந்து சூட்டை உறிஞ்சும். கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. நீளம் கொடுங்கள். அவை எப்படியும் ஒன்றோடொன்று ஒட்டி அணைந்துதான் உட்காரும். கட்டைகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் மேல்தட்டுக்கான சண்டை குறையும்.

படி 3: ஆழ்கூளம்

வாரா வாரம் கொட்டிலைக் கழுவித் துடைக்கும் பழக்கம் இருந்தால் பனிக்காலத்தில் அதை மறந்துவிடுங்கள். கழுவிய தரை காயாது. ஆழ்கூள முறைதான் இதற்குப் பொருத்தம். 10 முதல் 15 செ.மீ. வரை உலர்ந்த மரச்சீவல் பரப்பித் தொடங்குங்கள். எச்சம் விழ விழ மேலே புதுக் கூளம் போட்டுக்கொண்டே வந்தால் பனிக்கால முடிவில் ஓர் அடிக்குக்கூட உயரும். எச்சத்தின் நைட்ரஜனும் மரச்சீவலின் கரிமமும் சேர்ந்து அடியில் மெதுவாக மக்கும். அதில் கொஞ்சம் சூடும் பிறக்கும். அந்தச் சூட்டை நம்பி இருக்க வேண்டாம், நமக்கு வேண்டியது அது ஈரத்தை விழுங்கிக்கொள்வதுதான்.

வைக்கோல் மட்டும் போட்டால் எச்சம் பட்டு அடை அடையாக ஒட்டிக்கொள்ளும். மரச்சீவலோடு கலந்து போடலாம், அல்லது மேலே தூவலாம். நெடி கடுமையாக அடிக்கும் செடார் மரச்சீவலைத் தவிருங்கள், அது மூச்சுக்கு ஆகாது. மிக நைசான மரத்தூள் புழுதியாகப் பறக்கும். மாலையில் ஒரு பிடி தானியத்தைக் கூளத்தில் வீசினால் கிளறிவிடும் வேலையைக் கோழிகளே செய்துவிடும்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று கையால் பாருங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் லேசாகச் சேர்ந்து, விட்டதும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், உலர்ந்ததைச் சேருங்கள். நெடி வந்தாலும் அதே மருந்துதான். ராத்திரி எச்சம் முழுக்கக் கட்டைக்கு நேர் கீழே விழுவதால் அங்கே ஒரு பலகை வைத்து, காலையில் சுரண்டி வெளியே போட்டுவிட்டால் கூளம் இன்னும் நெடுநாள் தாங்கும். உறைந்த எச்சம் பலகையிலிருந்து கல்போலப் பெயர்ந்து வரும். கடுங்குளிர் செய்யும் ஒரே உபகாரம் அதுவாகத்தான் இருக்கும்.

படி 4: தண்ணீர்

பனிக்காலத்தில் நம் நேரத்தை எல்லாம் தின்பது தண்ணீர்தான். தண்ணீர் இல்லாவிட்டால் கோழி தீனியைக் குறைக்கும், தீனி குறைந்தால் உடம்பில் சூடு குறையும், முட்டை நின்றுபோகும். பனியைக் கொத்தித் தின்னுமே என்று விட்டுவிடக் கூடாது. அது போதாது. அதை உருக்கவே கோழி தன் சூட்டைச் செலவழிக்க வேண்டும்.

மின்சாரம் இல்லாத இடத்தில் எனக்குப் பிடித்தது கறுப்பு ரப்பர்த் தொட்டி. இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வெளியே, ஒன்று வீட்டுக்குள். காலையில் வெதுவெதுப்பான நீரோடு ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, உறைந்ததை எடுத்துக் கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி மொத்தமாகக் கழன்று விழும். பிளாஸ்டிக் தொட்டியை அப்படி மிதித்தால் விரிசல்தான் மிஞ்சும். உறைந்த பிளாஸ்டிக்கில் கொதிநீர் ஊற்றினாலும் அதே கதி. குளிர் கடுமையான நாளில் மூன்று முறைகூட மாற்ற வேண்டிவரும்.

மின்சாரம் இருந்தால் இதற்கென்று விற்கிற சூடேற்றும் அடித்தட்டு வாங்குவது செலவுக்கு மேல் லாபம். வெப்பநிலை இறங்கும்போது மட்டும் தானே ஓடும் வகையைப் பாருங்கள். இணைப்பு தரையிலிருந்து உயரத்தில், பனியும் நீரும் படாத மறைவில் இருக்க வேண்டும். கம்பியைக் கோழி கொத்தாதபடி குழாய்க்குள் விடுங்கள். கொத்திக் குடிக்கும் நிப்பிள் வகைகள் சூடேற்றாத வாளியில் இருந்தால் முதலில் உறைவது அந்தச் சிறு முனைதான். ஒவ்வொரு காலையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

அகலமாகத் திறந்த பாத்திரத்தில் சேவல் குடிக்கும்போது தாடி முழுகும். நனைந்த தாடி வெளிக்குளிரில் உறைந்துவிடும். விளிம்பு குறுகலான பாத்திரமோ நிப்பிளோ சேவலுக்கு நல்லது.

ராத்திரி கொட்டிலுக்குள் தண்ணீர் வைக்க வேண்டியதில்லை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, கட்டையை விட்டு இறங்கிக் குடிக்காது. வைத்தால் ஈரம் கூடுவதுதான் மிச்சம். அடையும் நேரத்தில் வெளியே எடுத்துவிட்டு விடிந்ததும் கொடுங்கள்.

உறையாமல் இருக்க நீரில் எதையாவது கலக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கலக்காதீர்கள். உறைதலைத் தடுக்கும் அளவுக்கு உப்புப் போட்டால் கோழிக்கு நஞ்சு. வண்டியில் ஊற்றும் உறைதடுப்பான் பேச்சே வேண்டாம்.

படி 5: தீனி

சாதாரண நாளில் ஒரு முட்டைக்கோழி 110 முதல் 120 கிராம் தின்னும். குளிர் ஏற ஏற இது கூடும், ஏனென்றால் தீனிதான் அதன் விறகு. பகல் முழுக்கத் தீனிப்பெட்டி காலியாகாமல் இருக்கட்டும். அடிப்படை 16 சதவீதப் புரதம் உள்ள முட்டைக்கோழித் தீவனம்.

மக்காச்சோளம் தின்றால் உடம்பு சூடாகும் என்ற பேச்சு பாதி உண்மை. எந்தத் தீனியைச் செரித்தாலும் சூடு பிறக்கும். தானியத்தின் மாவுச்சத்து நீண்ட ராத்திரியில் மெதுவாக எரிய உதவுகிறது, அவ்வளவுதான். பகல் 8 மணி நேரமாகச் சுருங்கும் இடங்களில் கோழி 16 மணி நேரம் கட்டையில் இருக்கிறது. அந்த நேரம் முழுவதற்கும் இரைப்பையில், அதாவது கழுத்தடியில் தீனி தங்கும் பையில், இருப்பதுதான் சாப்பாடு. எனவே அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் உடைத்த சோளமோ வேறு தானியமோ வீசுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சோளத்தில் புரதம் 8, 9 சதவீதம்தான். அதை வயிறு முட்டத் தின்றால் தீவனத்தைத் தொடாது, கொழுப்பு மட்டும் ஏறும். தானியம், காய், மிச்சம் மீதி எல்லாம் சேர்ந்து மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீவனத்தை வெந்நீரில் குழைத்துக் காலையில் கொடுத்தால் ஓடி வரும். கொடுக்கலாம், ஆனால் கால்மணி நேரத்தில் தீர்கிற அளவு மட்டும். மீந்தது உறையும், தாடியில் ஒட்டியதும் உறையும்.

பலர் மறப்பது சிறுகல். கோழிக்குப் பல்லில்லை. முழுத் தானியத்தை அரைக்கக் கல்பைக்குள் மணிக்கற்கள் வேண்டும். தரை உறைந்து பனி மூடிவிட்டால் அது தானே பொறுக்க முடியாது, ஒரு கிண்ணத்தில் வையுங்கள். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடுகிற கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும், மற்றவை விட்டுவிடும். தீவன மூட்டையை உலோகப் பீப்பாய்க்குள் மூடி வைக்காவிட்டால் பனிக்காலத்தில் நீங்கள் வளர்ப்பது எலிகளைத்தான்.

இறகு உதிர்த்து முடிக்காத கோழி இருந்தால் தனிக்கவனம் தேவை. இலையுதிர் காலத்தில் தொடங்கும் இறகு உதிர்ப்பு சாதாரணமாக இரண்டு மூன்று மாதம் எடுக்கும். சோம்பலான கோழி ஒன்று முதல் பனி விழும் நாளில்தான் மொட்டையாக நிற்கும். இறகில் 80 சதவீதத்துக்கு மேல் புரதம். எனவே 18 முதல் 20 சதவீதப் புரதத் தீவனத்துக்கு மாற்றுங்கள். முளைக்கும் இறகுக் குருத்தில் ரத்தம் ஓடுகிறது, தொட்டால் வலிக்கும், தூக்காதீர்கள்.

படி 6: வெளிச்சமும் முட்டையும்

முட்டை குறைவதற்குக் காரணம் குளிரைவிட இருட்டுதான். கோழி வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டைக் கடந்து போகும் ஒளியை மூளைக்குள் இருக்கும் உணர்விகளும் அறிகின்றன. பகல் 14 மணி நேரத்துக்குக் கீழே போனால் முட்டையிடுவதற்கான தூண்டுதல் தளர்கிறது. வசந்தத்தில் பொரித்த விடைக்கோழிகள் பெரும்பாலும் முதல் பனிக்காலம் முழுக்க முட்டையிடும். இரண்டாம் ஆண்டிலிருந்துதான் கடை அடைப்பு.

முட்டை வேண்டுமென்றால் சிறு விளக்கு ஒன்றை நேரக்கருவியோடு இணைத்து, இயற்கைப் பகலோடு சேர்த்து 14 மணி நேரம் வரும்படி வையுங்கள். கோழி உயரத்தில் செய்தித்தாள் படிக்கிற வெளிச்சம் போதும். கூட்டும் நேரத்தை விடியலுக்கு முன்னால் வையுங்கள். மாலையில் வைத்தால் விளக்கு சட்டென்று அணையும்போது கட்டையில் ஏறாத கோழிகள் இருட்டில் தரையில் தவிக்கும். தொடங்கினால் நடுவில் நிறுத்தாதீர்கள். வெளிச்சம் திடீரெனக் குறைந்தால் நடுக்குளிரில் இறகு உதிர்க்கத் தொடங்கிவிடும். நான் விளக்குப் போடுவதில்லை. வருஷத்தில் சில மாதம் அவை சும்மா இருக்கட்டும் என்பது என் எண்ணம். முட்டை விற்கிறவர் வேறு கணக்குப் போடுவார், அதில் தவறில்லை.

இட்ட முட்டையை நாளுக்கு இரண்டு மூன்று தடவை எடுங்கள். உள்ளே இருப்பது உறைந்து விரிந்தால் ஓடு வெடிக்கும். ஓடும் உள்சவ்வும் கிழிந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சூடு விளக்கு வேண்டுமா?

என் பதில்: நலமாக, இறகு நிறைந்து, உலர்ந்த கொட்டிலில் இருக்கும் வளர்ந்த கோழிக்கு வேண்டாம். 250 வாட் சிவப்பு விளக்கும், உலர்ந்த மரச்சீவலும், பறக்கும் புழுதியும், சிறகடிக்கும் கோழியும் ஒரே அறையில் இருப்பது தீக்கு வைக்கும் அழைப்பு. கொக்கி கழன்று விழ ஒரு ராத்திரி போதும். அதோடு, சூட்டுக்குப் பழகிய கோழி நடுராத்திரி மின்சாரம் போனால் ஒரே மணி நேரத்தில் கடுங்குளிருக்குள் தள்ளப்படுகிறது. விளக்கில்லாமல் மெல்ல மெல்லப் பழகிய கோழிக்கு அந்த ஆபத்து இல்லை.

விதிவிலக்கு உண்டு. குஞ்சுகள், நோயுற்ற கோழி, மொட்டையாக நிற்கும் கோழி. குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி தேவை, பிறகு வாரத்துக்குச் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். சூடு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரியான தட்டையான வெப்பத் தகடு பாதுகாப்பானது. எந்தக் கருவி வாங்கினாலும் டெஃப்லான் பூச்சு இல்லாததாகப் பாருங்கள். அந்தப் பூச்சு சூடேறும்போது வரும் புகை மணமே இல்லாமல் பறவைகளைக் கொல்லும். மண்ணெண்ணெய் அடுப்பு, கரி அடுப்பு எதையும் கொட்டிலுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்

விடிந்ததும் கதவு, மூக்குச் சோதனை, தண்ணீர், எச்சப் பலகை. அப்போதே எண்ணிவிடுங்கள். எல்லாக் கோழியும் இறங்கி ஓடி வருகிறதா என்பதுதான் முக்கியம். குளிரில் எல்லாமே உப்பி நிற்பதால் நோய்க் கோழியைத் தோற்றத்தால் கண்டுபிடிப்பது கடினம். தீனிக்கு வராமல் வாலைத் தொங்கவிட்டுக் கண்ணை மூடி ஒதுங்கி நிற்பதுதான் அடையாளம்.

பனி மூடிய முதல் நாள் பல கோழிகள் வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டு, இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தள்ளாதீர்கள். வாசலிலிருந்து கொஞ்ச தூரம் பனியைத் தள்ளி, வைக்கோலைப் பாதைபோல விரித்துவிட்டால் ஒன்று இறங்கும், பின்னாலேயே மற்றவை வரும். ஓடும் இடத்துக்கு ஒரு பக்கமாவது கூரையும், காற்றடிக்கும் பக்கம் தடுப்பும் இருந்தால் நாள் முழுக்க வெளியிலேயே கழிக்கும்.

நண்பகலில் தண்ணீர், முட்டை. மாலையில் தானியம், முட்டை, தண்ணீரை எடுத்தல். அடைந்த பிறகு கதவுத் தாழ். பனிக்காலத்தில் நரி, மரநாய்க்கு வெளியே இரை குறைவு, பனிக்குவியல் வேலியின் உயரத்தையும் குறைத்துவிடும். கழுத்தைத் திருகித் திறக்கும் சாதாரணத் தாழை, வட அமெரிக்காவில் இருக்கும் ரக்கூன் என்ற விலங்கு கையாலேயே திறந்துவிடும். கொக்கிப்பூட்டு போடுங்கள்.

அடைபட்ட கோழிக்குச் சலிப்பு வந்தால் அடுத்ததன் இறகைப் பிடுங்கும். அதற்கு மருந்து வேலை கொடுப்பது. தலைக்கு எட்டுகிற உயரத்தில் முட்டைக்கோசு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள், கட்டுப் பிரிக்காத வைக்கோலை நடுவில் போடுங்கள். புழுதிக் குளியலும் பனிக்காலத்தில் நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். உலர்ந்த மண்ணும் மணலும் கொஞ்சம் விறகுச் சாம்பலும் கலந்த தொட்டியைக் கூரைக்குக் கீழே வைத்தால் வரிசையில் நிற்கும்.

வாரம் ஒரு முறை கையில் எடுத்து

ராத்திரி கட்டையில் உட்கார்ந்திருக்கும்போது மங்கிய விளக்கோடு போனால் கோழி சாதுவாக இருக்கும். மார்பின் நடுவே நெஞ்செலும்பைத் தடவுங்கள். உப்பிய இறகுக்குள் இளைப்பு வெளியே தெரியாது, கத்திபோல எலும்பு கையில் குத்தினால்தான் தெரியும். இரைப்பை நிறைந்திருக்கிறதா பாருங்கள். ராத்திரி நிறைந்தும் காலையில் காலியாகவும் இருப்பது சரியான நிலை.

ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள். குளிரில் செள்ளுப் பூச்சி இராது என்பது தவறு. பிளவுகளில் ஒளியும் சிவப்புச் செள்ளுதான் வெயில் காலத்துக்காரன். வடதேசக் கோழிச்செள் என்கிற வகை கோழியின் உடம்பிலேயே குடியிருந்து குளிர்மாதங்களில்தான் பெருகும். அந்த இடத்து இறகு அழுக்காகக் கறுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். காற்செதில் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அதுவும் ஒரு செள்ளின் வேலை.

கொண்டை நுனியோ விரலோ வெளுத்து, விறைத்து, சில்லென்று இருந்தால் உறைபனிக் கடி. தேய்க்காதீர்கள், முடி உலர்த்தியால் சூடு காட்டாதீர்கள். செத்துக்கொண்டிருக்கும் தசையை இரண்டுமே இன்னும் கெடுக்கும். குளிரில்லாத இடத்துக்குக் கொண்டுபோய், கால்விரலானால் 38 டிகிரி அளவு வெதுவெதுப்பான நீரில் மெல்ல வைத்து, ஈரமின்றி ஒற்றி எடுங்கள். மறுபடி உறைய விடாமல் இருக்க முடிந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள். மறுபடி உறைந்தால் சேதம் இரட்டிப்பு. கறுத்த பகுதியை வெட்டாதீர்கள். அடியில் ஆறும் தசைக்கு அதுதான் மூடி, சில வாரத்தில் தானே உதிரும். வீங்கி, சீழ் வைத்து, நாற்றம் எடுத்தால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கொண்டை பாதித்த சேவலோடு இருக்கும் கோழிகளின் முட்டை சில காலம் கருக்கட்டாமல் போகலாம். பொரிக்கவைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். வாஸலின் தடவுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தடவிக்கொண்டிருந்த வருஷம் கொண்டை கறுத்தது, காற்று வழி திறந்த வருஷத்திலிருந்து தடவாமலே கறுக்கவில்லை.

உள்ளே கொண்டுவந்த கோழியை அன்றைக்கே திருப்பி விடாதீர்கள். வீட்டுக்கும் வெளிக்கும் நடுவான, சூடேற்றாத ஓர் இடத்தில் சில நாள் வைத்துப் பழக்கி விடுங்கள்.

பறவைக் காய்ச்சல்

காட்டு வாத்தும் தாராவும் இடம்பெயரும் காலம் இதுவே என்பதால் பறவைக் காய்ச்சல் வைரஸான எச்5என்1 பரவுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில். தீனியையும் தண்ணீரையும் காட்டுப் பறவை எட்டாத இடத்தில் வையுங்கள், குளத்து நீர் கொடுக்காதீர்கள், கொட்டிலுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். கொண்டை கறுப்பதெல்லாம் உறைபனிக் கடி என்று இருந்துவிடக் கூடாது. கடுங்குளிர் ராத்திரிக்குப் பிறகு ஓரிரு கோழிக்கு நுனி மட்டும் கறுத்து, அவை வழக்கம்போலத் தின்றுகொண்டிருந்தால் அது குளிர். கொண்டையும் முகமும் நீலம் பாரித்து வீங்கி, கோழிகள் கூட்டமாகச் சோர்ந்து, திடீர்திடீரெனச் செத்தால் வெறுங்கையால் தொடாமல் உங்கள் பகுதிக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

பனி உருகும்போது

கோழி வளர்ப்பவர்கள் அசந்துபோவது இந்த வாரங்களில்தான். பகலில் சேறு, ராத்திரி மறுபடி உறைவு. நடுக்குளிரில் கறுக்காத கொண்டை இப்போது கறுக்கும், ஏனென்றால் ஈரம் இப்போதுதான் அதிகம். கூரைப் பனி உருகிக் கொட்டிலுக்குள் வடிகிறதா என்று பாருங்கள். ஓடும் இடத்தின் சேற்றில் மரச்சில்லுகளைத் தாராளமாகக் கொட்டுங்கள், வைக்கோல் போட்டால் அழுகிச் சேறு இன்னும் கூடும். காற்றில் இதம் வந்து, உறைபனி ராத்திரிகள் நின்ற பிறகு, உலர்ந்த ஒரு நாளில் ஆழ்கூளத்தை வாருங்கள். வாரும்போது முகத்தில் கவசம் வேண்டும், புழுதி நுரையீரலுக்கு ஆகாது. அடியில் கொஞ்சம் கூளம் விட்டுவைத்தால் அடுத்த சுற்றுக்கு அதுவே உறைமோர். வாரியதை நேரே பாத்தியில் போடாமல் குவித்து ஆறு மாதமாவது மக்க விடுங்கள், பச்சை எச்சம் வேரைச் சுட்டுவிடும்.